மிக மெல்லிய மடிக்கணினி அன்றாட வேலைக்குப் போதுமா? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

நான் மதுரையில் சிறு கடைகளுக்கும் இரண்டு மூன்று தனியார் நிறுவனங்களுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். திருநகரிலிருந்து கிளம்பிக் கீழமாசி வீதி, சிம்மக்கல், சில நாள் திருமங்கலம் என்று ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு ஸ்கூட்டரில் போய் வர வேண்டும். இரண்டே கால் கிலோ எடையுள்ள பழைய மடிக்கணினியைச் சுமந்து சுமந்து தோள்பட்டை பிடித்துக்கொண்ட நிலையில், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு கருவியை 62,990 ரூபாய்க்கு வாங்கினேன். அது நல்ல கருவிதான். ஆனால் என் வேலைக்கு அது பொருந்தாது என்பது வாங்கிய ஒன்பதாம் நாள்தான் தெரிந்தது. மாற்றிக்கொள்வதற்கான கெடுவோ ஏழாம் நாளே முடிந்துவிட்டது.

இப்போது வேறொரு மெல்லிய மடிக்கணினியில் ஒன்றரை ஆண்டாக அதே வேலையைச் சிரமமின்றிச் செய்து வருகிறேன். எனவே, இந்த வகைக் கருவி அன்றாட வேலைக்குப் போதுமா என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலோருக்குப் போதும் என்றே சொல்வேன். ஆனால் சாதாரண மடிக்கணினியில் ‘ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைக்கக்கூடிய பல விஷயங்களை இதில் பில் போடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும், ஏனென்றால் பின்னால் கழற்றி மாற்ற உள்ளே அதிகம் எதுவும் இருக்காது. அந்தத் தீர்மானங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. ஒரு வாரம் உங்கள் வேலையைக் குறித்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், இப்போது இருக்கும் கணினியில் நீங்கள் திறக்கும் மென்பொருள்களையும் அதில் செருகும் பொருள்களையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிரிண்டர், பென்டிரைவ், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (இணையத்தில் கையொப்பமிட உதவும், பென்டிரைவ் போன்ற சாதனம்), புரொஜெக்டர் என்று எதையும் விட்டுவிட வேண்டாம். மாதம் ஒரு முறை மட்டும் செருகும் பொருள்தான் பெரும்பாலும் மறந்துபோகும். என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

அந்தத் தாளில் பிரவுசர், மின்னஞ்சல், வேர்ட், எக்செல், கணக்கு மென்பொருளான டேலி, வீடியோ கூட்டம் ஆகியவை மட்டும் இருந்தால் மெல்லிய கருவி தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாணக் கட்டட வரைபடம், பெரிய விளையாட்டுகள் ஆகியவை நாள்தோறும் பல மணி நேரம் நடக்குமானால் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. அதேபோல், வாரத்தில் ஆறு நாளும் மேசையை விட்டு நகராத கருவிக்கு மெல்லிய உடல் எதற்கு? அதே பணத்திற்குச் சற்றுத் தடித்த கருவியில் கூடுதல் ராமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), பெரிய திரையும், எண் விசைகளும் கிடைத்துவிடும்.

2. எடையைத் தராசில் பாருங்கள்

விளம்பரத்தில் வரும் எடை கருவியின் எடை மட்டுமே. புதிய மடிக்கணினியைக் கீழமாசி வீதியில் நான் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்கு முதன்முதலாகக் கொண்டுபோன அன்று, கடைக்கார அண்ணாச்சி அதை வாங்கி எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோ 190 கிராம் என்று காட்டியது. பிறகு சார்ஜர், அதன் தடித்த வயர், கூடுதல் துளைகள் தரும் இணைப்பு ஹப், உறை எல்லாவற்றையும் அதன் மேலேயே அடுக்கினார். ஒரு கிலோ 730 கிராம். “சாக்கோட நிறுத்தா ஒரு எடை, சாக்கைக் கழிச்சா ஒரு எடை. நீங்க எந்த எடைக்குச் சார் காசு குடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயம். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கருவியாகப் பார்த்து வாங்கினால், உள்ளங்கைக்குள் அடங்கும் 65 வாட் சார்ஜர் ஒன்றே கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் பயன்படும். சுமையில் கால் கிலோ அப்படிக் குறையும்.

3. பிராசஸரின் வேகத்தை விட வகையைப் பாருங்கள்

மெல்லிய மடிக்கணினி வாங்குவோர் தவறும் இடங்களில் பெரியது இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விண்டோஸ் இயங்கும் கருவிகளில் இன்று இரண்டு வகைப் பிராசஸர்கள் உண்டு. இன்டெல், ஏஎம்டி ஆகியவை நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எக்ஸ்86 வகை. ஸ்நாப்டிராகன் என்ற பெயரில் வருபவை ஆர்ம் வகை. ஆர்ம் வகைக் கருவிகள் சூடாவது குறைவு, பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். மெல்லிய உடலுக்கு அவை இயல்பாகப் பொருந்துகின்றன. பழைய எக்ஸ்86 மென்பொருள்களில் பெரும்பாலானவை அவற்றில் ஒரு மாற்றுப் படலத்தின் வழியாக ஓடிவிடும். ஆனால் செருகும் பொருளைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்கள் அப்படி ஓடா. பிரிண்டர், கைரேகைக் கருவி, டோக்கன் போன்றவற்றுக்கு விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் டிரைவர் தேவைப்பட்டால், அதைத் தயாரித்த நிறுவனமே ஆர்ம் வகைக்கென்று தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பொருள் அந்தக் கணினியில் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

நான் முதலில் வாங்கியது ஆர்ம் வகைக் கருவி. ஒன்பதாம் நாள் மாதத்தின் 20ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். தனிநபர் கடைகளுக்குக் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டுத் தாக்கலை முடித்துவிடலாம். ஆனால் பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கும் எல்எல்பி எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். இரவு எட்டரை மணிக்கு டோக்கனைச் செருகினேன். டோக்கனில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவியும் பார்த்த பிறகு, நள்ளிரவுக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் சிம்மக்கல்லில் உள்ள நண்பரின் வீட்டைத் தட்டி, அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் தாக்கலை முடித்தேன். டோக்கன் கொடுத்தவர்களைக் கேட்டபோது அந்த மாடலுக்கு ஆர்ம் டிரைவர் இல்லை என்றார்கள். மடிக்கணினியை விற்ற கடையிலோ, பழுது எதுவும் இல்லாத கருவியை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. வாங்கும்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கருவியை இப்போது கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் வைத்திருக்கிறாள். காலையில் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போய் மாலையில் திரும்புகிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே, முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, செருகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் டிரைவர் உண்டா என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் எந்த வகை என்பது எழுதியிருக்கும். ஆப்பிளின் மேக்புக் ஏர் வாங்க நினைப்பவர்கள், டேலி நேரடியாக ஓடுவது விண்டோஸில்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

4. ராமை வாங்கும்போதே முழுதாக வாங்குங்கள்

மெல்லிய கருவிகள் பெரும்பாலானவற்றில் ராம் தனிச் செருகலாக இல்லாமல் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். டவுன் ஹால் ரோட்டில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் அதை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்குவது நடைமுறைக்கு ஒத்த காரியம் அல்ல. விண்டோஸ் 11 நிறுவுவதற்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவுவதற்கான அளவுதான். வேலை செய்வதற்கான அளவு அல்ல. என் பழைய 8 ஜிபி கருவியில் டேலி, இரண்டு எக்செல் கோப்புகள், பிரவுசரில் பத்துப் பக்கங்கள் திறந்திருந்தாலே நினைவகத்தில் பெரும்பகுதி நிரம்பி, சுட்டி தயங்கத் தொடங்கிவிடும். நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறவர் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பணம் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள்.

விற்பனையாளர் “பின்னாடி ஏத்திக்கலாம் சார்” என்று சொன்னால், அங்கேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் அது போர்டோடு பற்றவைத்தது. ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றக்கூடியது. அரை நிமிட வேலைதான், பேச்சுக்கு இடமே இருக்காது.

சேமிப்பகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பல மெல்லிய கருவிகளில்கூட எஸ்எஸ்டி தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகவே வருகிறது. 512 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 476 என்று காட்டினால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம்; எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு அது.

5. போர்ட்டுகளையும் விசைப்பலகையையும் விரலால் தொட்டுப் பாருங்கள்

உடல் மெலிய மெலியப் பக்கவாட்டில் உள்ள துளைகள் குறைகின்றன. லேன் வயர் செருகும் இடம் அநேகமாக இருக்காது. சிலவற்றில் எச்டிஎம்ஐயும் சாதாரண யுஎஸ்பியும்கூட இருப்பதில்லை. டைப்-சி துளைகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் எல்லாவற்றிலும் சார்ஜ் ஏறாது, எல்லாவற்றிலும் திரை இணைப்பும் வராது. எந்தத் துளை எதற்கு என்று மாடல் விவரத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண யுஎஸ்பி ஒன்றாவது உடலிலேயே இருக்கும் கருவியாகத் தேர்ந்தெடுத்தால், டோக்கனுக்காக ஹப்பைத் தேடிப் பையைக் கவிழ்க்கும் நிலை வராது.

கணக்கு வேலை செய்வோருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 13, 14 அங்குலக் கருவிகளில் வலப்பக்க எண் விசைகள் பெரும்பாலும் கிடையாது. ஐம்பது பில்களை மேல் வரிசை எண்களை வைத்து ஏற்றிப் பார்த்தால்தான் அந்த இழப்பு புரியும். 650 ரூபாய்க்குத் தனி எண்பலகை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பையில் அதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. விசைகள் அதிகம் அழுந்தாது என்பதால், கடையில் நின்றபடியே பத்து வரி தட்டச்சு செய்து பார்க்கத் தயங்க வேண்டாம்.

6. நம் ஊர் வெயிலையும் மின்தடையையும் கணக்கில் எடுங்கள்

பேட்டரி 15 மணி நேரம் நிற்கும் என்று போட்டிருப்பார்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு எடுக்கும் கணக்கு அது. மணிநேரத்தை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். 50 வாட்-அவர் பேட்டரி உள்ள கருவி சராசரியாக 8 வாட் எடுத்தால் ஆறேகால் மணி நேரம் ஓடும். துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். அன்று வீட்டு வைஃபையும் அணைந்துவிடும் என்பதால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கும் சார்ஜ் வேண்டும்.

மெல்லிய உடலுக்குள் சிறிய விசிறிதான் இருக்கும். சிலவற்றில் விசிறியே இல்லை. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டேலியிலும் எக்செல்லிலும் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேர வீடியோ கூட்டம் நடத்தினால் தெரியும். பெரும்பாலான கருவிகளில் காற்று அடிப்பக்கமாக உள்ளே போவதால், மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது பேட்டரியைக் கொல்லும் வழி. நாள் முழுதும் சார்ஜரில் வைத்திருப்பவர்கள், நிறுவனத்தின் மென்பொருளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். டச்பேட் மேலே எழும்பியதுபோல் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள். அன்றே அணைத்துச் சேவை மையத்திற்குக் கொண்டுபோக வேண்டும்.

7. செலவைக் கருவியின் விலையோடு நிறுத்தாதீர்கள்

நான் இரண்டாவதாக வாங்கிய கருவிக்கு ஆன செலவு இது. மடிக்கணினி 58,500 ரூபாய், ஹப் 1,450, எண்பலகை 650, காப்புப் பிரதிக்கான வெளி டிஸ்க் 4,800, உறை 500, விபத்துச் சேதப் பாதுகாப்பு 3,200. ஆக மொத்தம் 69,100 ரூபாய். பட்ஜெட் போடும்போது கருவியின் விலைக்கு மேல் பத்தாயிரம் ரூபாயாவது ஒதுக்கி வையுங்கள்.

மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; 58,500 ரூபாயில் 8,923 ரூபாய் 73 காசு வரியாகவே போயிருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தொழிலுக்காக வாங்கினால், பில்லில் தன் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லி வாங்கி, அது ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் வந்த பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது. வட்டியில்லாத் தவணை என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கிரெடிட் கார்டில் வட்டி போடப்பட்டு, அந்த அளவு முன்கூட்டியே தள்ளுபடியாகக் காட்டப்படும், ஆனால் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழும்.

8. பில், வாரண்டி, பின்கோடு

பில்லில் உங்கள் பெயர், தேதி, மாடல் எண், சீரியல் எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். சீரியல் எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தால் ஏற்க வேண்டாம். பெட்டியிலும் கருவியின் அடியிலும் உள்ள எண்ணோடு கடையிலேயே ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கருவி கடையில் நாலு மாதம் கிடந்திருந்தால் வாரண்டியும் நாலு மாதத்திற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கலாம். பில்லின் நகலை அனுப்பினால் வழக்கமாகத் திருத்திக் கொடுப்பார்கள்.

வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் வாரண்டி என்று சொன்னால், உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். 625 என்று தொடங்கும் எண்கள் மதுரை நகரத்தோடு முடிவதில்லை; உசிலம்பட்டி 625532, தேனி 625531. நகரத்திற்குக் கிடைக்கும் சேவை அங்கேயும் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. கீழே விழுந்ததும் தண்ணீர் கொட்டியதும் சாதாரண வாரண்டியில் அடங்காது. மெல்லிய திரை கெட, கருவி கீழே விழவே வேண்டியதில்லை. நெரிசலான டவுன் பஸ்ஸில் பை நசுங்கியதில் என் நண்பரின் திரையில் கோடு விழுந்து, மாற்றுவதற்கு 14,500 ரூபாய் ஆனது. கருவியை வாங்கிய சில நாள்களுக்குள் விபத்துச் சேதப் பாதுகாப்பை எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், பில் போடும் அன்றே முடித்துவிடுங்கள்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக்கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். சேவை மையத்தில் கொடுக்கும் ஜாப் ஷீட்டுகளை (பழுதுபார்ப்புச் சீட்டுகளை) அதற்காகவே பத்திரப்படுத்துங்கள்.

9. முதல் ஏழு நாளில் முடிக்க வேண்டியவை

வாங்கும் தேதியை மாதத்தின் 21 முதல் மாத இறுதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு உள்ள நம் கணக்கு வேலையில், மாத நடுவில் கருவியை மாற்றுவது சந்தை நாளில் கடையை வெள்ளையடிப்பது போல.

முதல் நாளே தாளில் உள்ள ஒவ்வொரு பொருளையும் செருகிப் பாருங்கள். டோக்கனைச் செருகினால் மட்டும் போதாது. கையொப்பம் இடும் கட்டம் வரை போய்ப் பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். பழைய பாமினி எழுத்துருக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவையும் மறக்காமல் நிறுவ வேண்டும்.

புதிய விண்டோஸ் கருவிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க்கில் உள்ளவை தானாகவே மறைகுறியாக்கப்பட்டுப் பூட்டப்படுவதுண்டு. அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் ஒருநாள் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாமல் போகும். கணக்கை உங்கள் பெயரில் தொடங்கி, அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பில்லோடு வையுங்கள்.

டேலி பயன்படுத்துவோர் பழைய கணினியில் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் செயல்படுத்த வேண்டும். பழையதை ஃபார்மேட் செய்த பிறகு நினைவு வந்தால் அலைச்சல்தான். தரவுக் கோப்புறையை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, புதியதில் திறந்து, ஏதேனும் ஒரு கடையின் இருப்புநிலைக் குறிப்பை இரண்டு திரையிலும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும், அடுத்த 20ஆம் தேதித் தாக்கல் முடியும் வரை பழைய கணினியை விற்க வேண்டாம்.